கப்பலும் கடல்மட்டமும்

“இவ்வளவு கப்பல் மிதக்குதே, கடல் மேல ஏறாதாப்பா?” மகள் கேட்டாள். நல்ல கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். உலகச் சரக்குக் கப்பல்களின் சுமைத்திறன் சுமார் 230 கோடி டன். கப்பல்களின் சொந்த எடையையும் சேர்த்து, தாராளமாக 300 கோடி என்று வைத்துக்கொண்டோம். அதைக் கடலின் 36 கோடி சதுர கிலோமீட்டரில் பரப்பினால் உயர்வு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! தலைமுடியின் தடிமன்கூட இதைவிட அதிகம்.

ஆனால் கிரீன்லாந்து நிலத்திலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனி கடலில் சேர்கிறது. அத்தனை கப்பல்களின் எடையும் அங்கே நான்கே நாள் கணக்கு. இதைச் சொன்னதும் அவள் பேசவே இல்லை. எனக்கும் மனசு கனத்துப்போனது.