கடல் தண்ணீரில் முட்டையும் வெங்காயமும்

மீன் பிறந்ததிலிருந்து கடலுக்குள்ளேயே கிடக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்த தண்ணீர். ஆனாலும் குழம்பு வைக்கும்போது நாம் உப்புப் போட்டாக வேண்டியிருக்கிறது. அதே மீன் செத்த பிறகு உப்பில் புதைத்து வைத்தால் சதையெல்லாம் உப்பேறிக் கருவாடாகிவிடுகிறது. உயிரோடு இருக்கும்போது உள்ளே போகாத உப்பு செத்ததும் எப்படிப் போகிறது? ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வளர்ந்தவனுக்கு இது புதுக் கேள்வி இல்லை, ஆனால் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது இப்போதுதான்.

முதலில் எல்லோரும் செய்கிற முட்டைச் சோதனை. முட்டையை வினிகரில் போட்டால் ஓட்டிலிருந்து குமிழ் குமிழாகக் கார்பன் டை ஆக்சைடு வரும், மேலே அழுக்கு நுரை கட்டும், வினிகரை ஒரு தடவை மாற்றிவிட்டுக் காத்திருந்தால் ஓடு முழுக்கக் கரைந்து சவ்வு மட்டும் மிஞ்சும். சமையல் தராசில் 58 கிராம் இருந்த முட்டை ஓடு போன பிறகு 80 கிராமைத் தொட்டது. ஓட்டின் எடை குறைந்தும் மொத்த எடை கூடியிருக்கிறது என்றால் அவ்வளவு தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இதைக் கருப்பட்டிப் பாகில் போட்டேன் (தண்ணியாகக் காய்ச்சினால் சரிவராது, கெட்டிப் பாகுதான் வேண்டும்). மறுநாள் தோல் சுருங்கித் தொளதொளவென்று கிடந்தது, எடை 55க்கும் கீழே. தண்ணீர் அதிகமாக இருக்கிற பக்கத்திலிருந்து குறைவாக இருக்கிற பக்கத்துக்குச் சவ்வு வழியாகப் போகும், அதுதான் சவ்வூடு பரவல், பள்ளியில் படித்தது அப்படியே கண்ணில் தெரிந்தது.

அப்புறம் ஓடு கரைத்த இன்னொரு முட்டையைத் தென்கடலில் மொண்டு வந்த தண்ணீரில் போட்டேன். நன்றாகச் சுருங்கும் என்றுதான் பார்த்தேன், ஏனென்றால் கடல் தண்ணீரின் கரைபொருள் செறிவு முட்டைக்குள் இருப்பதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பெரிதாக ஒன்றும் சுருங்கவில்லை. யோசித்தால் காரணம் இருக்கிறது. முட்டைச் சவ்வு புரத நாரால் பின்னிய தாள், அது செல் சவ்வே இல்லை. பெரிய புரதங்கள் வலையில் மீன் நிற்பதுபோல நின்றுகொள்ளும், உப்பு கண் வழியே மெதுவாக உள்ளே போய்விடும். சீனாவில் முட்டையை உப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து உப்பு முட்டை செய்கிறார்களே, அதெல்லாம் உப்பு உள்ளே போவதால்தானே. ஆக, செல் சவ்வுக்கு முட்டையை உதாரணம் காட்டுவது பாதிதான் சரி என்பது என் கட்சி. பிள்ளைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும், ஆனால் கருவாட்டுக் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

உண்மையான செல் சவ்வைப் பார்க்க வெங்காயத்துக்கு வந்தேன். கத்தரிப்பூ நிறத்துப் பெரிய வெங்காயத்தில் சதை இதழின் வெளிப்புறம் நிறமாக இருக்குமே, அந்த மெல்லிய தோலை உரித்து ஃபோல்ட்ஸ்கோப்பில் வைத்தேன். காகிதத்தை மடித்துச் செய்கிற நுண்ணோக்கி, 140 மடங்கு பெரிதாகக் காட்டும், இதற்கு அது தாராளம். நிறம் செல்லுக்குள் வாக்குவோல் என்ற தண்ணீர்ப் பையில் கரைந்து நிறைந்திருக்கிறது. ஒரு சொட்டு கடல் தண்ணீர் விட்டுச் சில நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தால் செல் சுவர் இருந்த இடத்திலேயே இருக்க, நிறம் மட்டும் சுவரை விட்டு விலகி நடுவில் உருண்டு திரள்கிறது. தண்ணீர் வெளியே போகிறது, நிறம் வெளியே வரவில்லை, உப்பும் அவ்வளவு சீக்கிரம் உள்ளே போகவில்லை. அதைத் துடைத்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறது! எங்கள் வீட்டு போர் தண்ணீரும் உப்புத்தான், வாயில் வைக்க முடியாது, ஆனால் அதற்கு வெங்காயம் அசையவே இல்லை, செல்லுக்குள் இருக்கிற செறிவை மிஞ்சுகிற அளவுக்கு அதில் உப்பு இல்லை.

அடுத்ததுதான் முக்கியம். அதே தோலைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தேன். நிறம் கசிந்து தண்ணீரில் கலந்துவிட்டது, கடல் தண்ணீர் விட்டால் எந்தச் சுருக்கமும் இல்லை. சவ்வு செத்துவிட்டது.

உயிருள்ள சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு, சில நானோமீட்டர் தடிமன். மின்னூட்டம் உள்ள சோடியம் அந்தக் கொழுப்பைத் தாண்டாது. தண்ணீருக்கு மட்டும் அக்வாபோரின் என்ற புரத வழி இருக்கிறது, ஒரு வழியில் நொடிக்குச் சுமார் 300 கோடி மூலக்கூறு போகும். இதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரிக்கு 2003-ல் வேதியியல் நோபல். ஆனாலும் சோடியம் அதற்கென்று உள்ள வேறு புரதங்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும், அதை வெளியே தள்ளுகிற புரதப் பம்புக்கு ஏடிபி, அதாவது செல் ஆற்றலுக்குச் செலவழிக்கிற மூலக்கூறு, செலவாகும். விலங்குகளின் செல்லில் ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. டென்மார்க்கில் ஜென்ஸ் ஸ்கூ இந்தப் பம்பை 1957-ல் கண்டது நண்டுக் கால் நரம்பில், 1997-ல் நோபல் வந்தது. நம் ஊரில் நண்டுக் காலைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகிறோம்.

மீனின் செவுளிலும் இதே பம்ப்தான். கடல் மீன் தண்ணீர் குடிக்கும், உடம்புக்கு மிஞ்சின உப்பைச் செவுள் செல்கள் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் அதன் ரத்தத்தில் உப்பு கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். செத்ததும் ஏடிபி தீர்ந்து பம்ப் நிற்கும், சவ்வும் சிதையும். அப்புறம் கருவாடு.

காரங்காட்டு அலையாத்தியில் இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும், அதுவும் இலையில் உள்ள சுரப்பிகள் ஆற்றல் செலவழித்து வெளியே தள்ளிய உப்பு. கழுவிவிட்டு வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தேன், மறுபடி மினுமினுவென்று படிந்திருந்தது.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: வெங்காயத் தோலை உள்பக்கமாக உரித்தால் நிறம் இருக்காது, சுருக்கம் கண்ணுக்குப் பிடிபடாது. வெளிப்பக்கம்தான் வேண்டும். ஊதா வெங்காயம் கிடைக்காவிட்டால் இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிற ரியோ செடி போதும், அது இன்னும் தெளிவு.