காந்தி பத்து ரூவா வெள்ளிக் காசு கைக்கு வந்த கதை

1969-ல காந்தி நூற்றாண்டுக்கு அடிச்ச பத்து ரூவா வெள்ளிக் காசத்தான் ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன். காந்தி காசுன்னு கேட்டா நம்ம பக்கம் பாதிப்பேரு மஞ்ச இருபது பைசாவ எடுத்து நீட்டுதாங்க, அது எல்லா வீட்டு உண்டியல்லயும் கெடக்கும். அம்பது பைசா, ஒரு ரூவாயிலயும் அதே முகம்தான், ஆனா நிக்கலு, காந்தத்த காட்டினா ஒட்டிக்கிடும். வெள்ளி பத்து ரூவாயில மட்டுந்தான்.

திருநெல்வேலி டவுன்ல வாகையடி முக்குப் பக்கம் பழைய வெள்ளி எடுக்குத ஒரு கடையில சொல்லி வச்சிருந்தேன், காசு ஏதும் வந்தா ஒரு போனப் போடுங்க அண்ணாச்சின்னு. ஆடி மாசம் போட்டாரு. அறுந்த கொலுசு, குங்குமச் சிமிழு, அரைஞாண்கொடி இதுக்கெல்லாம் நடுவுல கெடக்கு, ஓரம் பூரா நீலமும் ஊதாவும் ஏறி நடுவுல காந்தி தலை மட்டும் பளிச்சுன்னு, அம்புட்டு அழகு. நான் வாயப் பொளந்து பாத்துட்டு நிக்கேன், அவரு "அழுக்கால்லா இருக்கு, இரும், விபூதி போட்டு வெளக்கித் தாரேன்"ங்காரு. எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு, கையப் புடிச்சு நிறுத்துனேன். குத்துவிளக்குக்கு விபூதி சரி, காசுல தேச்சா மேல பூரா கீறல் விழுந்துரும், அந்தக் கலரு தானா ஏற பல வருஷம் ஆகும், வெளக்கின காச சேக்குறவன் திரும்பிக்கூட பாக்க மாட்டான்.

அழகா இருக்குன்னு அப்படியே வாங்கிர முடியாது, டூப்ளிகேட் வருது. தராசுல 14.97 காட்டுச்சு, 15 கிராம் காசு, சரி. அகலம் 34 மில்லிமீட்டர், அதுவும் சரி. அப்புறம் ஒரு தம்ளர் தண்ணிய தராசுல வச்சு சைபர் ஆக்கிட்டு, காச நூல்ல கட்டி அடியில தட்டாம தண்ணிக்குள்ள தொங்கவிட்டேன். 1.5 கிராம ஒட்டி காட்டுச்சு, காசு ஒதுக்குன தண்ணியோட எடை அது. இந்தக் காசு 80 சதவீத வெள்ளி, அதுக்கு அப்படித்தான் வரணும், செம்பு நிக்கல் கலவையா இருந்தா 1.7 பக்கம் போயிருக்கும். நல்லாத் தெரிஞ்ச வித்ததான், ஆனா அண்ணாச்சி கண்ணாடியப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாக்காரு, "இது நல்லாருக்கே வே, எங்க படிச்சீரு?"

வெலயிலதான் இழுபறி. 15 கிராமுக்கும் சுத்த வெள்ளி ரேட்டு கேக்காரு. வெள்ளி 12 கிராம்தான அண்ணாச்சின்னேன், "உருக்கவா வாங்குதீரு?"ன்னு ஒரே போடு. அதுக்கு என்ன சொல்ல? அவரு கேட்டதுக்குக் கொஞ்சம் கீழ முடிச்சேன், இன்னும் கூடக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன், அது அவருக்குத் தெரியாம இருந்தாச் சரி.

வருஷத்துக்குக் கீழ சின்ன டைமண்டு குறி இருக்கு, அப்போ காசு அடிச்ச எடம் பம்பாய் மிண்ட்டு. ஒண்ணும் இல்லன்னா கல்கத்தா. காசு இப்ப டப்பாவுல, ஈரத்த உறிஞ்சுத சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட. பிவிசி கவர்ல மட்டும் போட்ராதீங்க, நாளாவட்டத்துல பச்சையா பிசுபிசுன்னு ஏறிரும். எடுத்துப் பாக்கணும்னா ஓரத்தப் புடிச்சு எடுங்க, வெரல் ரேகை அப்படியே பதிஞ்சு கறுத்துரும்.

அடுத்து 1972 சுதந்திர வெள்ளி விழா காசு சொல்லி வச்சிருக்கேன். 22.5 கிராம், ஆனா வெள்ளி பாதிதான், அண்ணாச்சி அதுக்கும் முழு ரேட்டத்தான் போடப்போறாரு.