டீப் பர்பிளும் சித்தப்பாவின் தப்பும்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் ரெக்கோடிங் பார் ஒன்று இருந்தது. வெற்றுக் கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். மாமாவுக்கு ஒரு பக்கம் டீப் பர்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழு, மறுபக்கம் ஏ.ஈ. மனோகரனின் பைலா என்கிற துள்ளாட்டப் பாட்டு. என்ன பொருத்தமோ!

1972இல் வந்த டீப் பர்பிளின் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தை சுவிட்சர்லாந்தில், குளிர்காலத்தில் மூடிக்கிடந்த ஹோட்டலின் தாழ்வாரத்தில் பதிந்தார்கள். அதில் இயன் பெய்ஸ் டிரம்ஸ் அடிக்கும்போது மட்டும், தப்பு என்ற தோல்மேளம் அடிக்கும் சித்தப்பா எட்டிப் பார்ப்பார்.

"கை நல்லாத்தான் ஓடுது. தோலைக் காய்ச்சலியே, சத்தம் அடங்கிக் கிடக்கு."

மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கிளம்புமுன் அவர் லயத்து வாசலில், தோட்டத்து வரிசை வீட்டின் முன்னால், காய்ந்த தேயிலைக் குச்சியான மிலாறு கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்ப்பார். 'ணங்' என்று வரவேண்டும். எனக்கென்னவோ இன்றும் சித்தப்பா கட்சிதான்.