மாரிக்குப்பத்தின் காலை ரயில்

விடிவதற்கு வெகு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கோலார் தங்கவயலின் கடைசி நிலையம் அது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. பெங்களூரு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தத் தொலைவை நாள்தோறும் போய்வரும் ஆயிரக்கணக்கானோருடன் ஒரு நாளாவது பயணம் செய்ய வேண்டும் என்பதற்காகவே முந்தைய நாள் மாலை நண்பரின் வீட்டில் வந்து தங்கியிருந்தேன்.

தகரக் கூரை வேய்ந்த இரண்டு சிறிய அறைகள் கொண்ட வீடு அது. சுரங்கத் தொழிலாளர்களுக்கெனக் கட்டப்பட்ட அந்த வரிசை வீடுகளை இன்றும் 'லைன்' என்றே சொல்கிறார்கள். 1880இல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் இங்கே கால் பதித்தபின், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமற்ற குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், வந்து குடியேறின. கர்நாடகத்துக்குள் தமிழ் பேசும் ஓர் ஊர் உருவானது அப்படித்தான். நண்பரின் தந்தை சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய அந்தச் சுரங்கத்தின் வெக்கையைப் பற்றிக் கேட்டபோது அவர் அதிகம் பேசவில்லை. சுவரிலிருந்த பாத்திர அலமாரியைத்தான் காட்டினார். கீழே பாறை வெடித்தால் மேலே அந்த அலமாரியில் தட்டுகள் நடுங்குமாம். உடனே லைனில் இருக்கும் பெண்கள் எல்லோரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்களாம். ஒரு தலைமுறையே அந்தத் தட்டுகளின் ஓசைக்குக் காதைக் கொடுத்து வாழ்ந்திருக்கிறது என்பதை எண்ணியபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

வீட்டிலிருந்து சற்று நடந்தால் சைனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண், குன்றுகளாக நிற்கிறது. மழை அரித்த இடங்களில் ஆழமான வாய்க்கால்கள் விழுந்திருக்கின்றன. விரலால் தொட்டால் மாவைப் போல ஒட்டுகிறது. காற்றடிக்கும் நாட்களில் அது வீடுகளுக்குள் வந்து படிகிறது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் போன பிறகு ஊருக்கென்று மிஞ்சியது இந்த மண்தான். 1902இல் காவிரிக்கரைச் சிவசமுத்திரத்தின் நீர்மின் நிலையத்திலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள்; பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905இல்தான். அந்தப் பெங்களூரிடம்தான் இன்று தங்கவயல் வேலை கேட்டுப் போகிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டதும் வேறு வழி இருக்கவில்லை. கனரக இயந்திரங்கள் செய்யும் பெமல் தொழிற்சாலை ஒன்றால் ஊர் முழுவதற்கும் சோறு போட முடியாது.

காலை ரயிலில் மாரிக்குப்பத்தில் ஏறுபவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கிறது. சாம்பியன், ஊரிகாம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் நெருங்குகிறது. பங்காரப்பேட்டையில் ஏறுபவர்கள் பெரும்பாலும் நின்றபடியே போகிறார்கள். எனக்கெதிரே அமர்ந்திருந்த பெண், வெள்ளைத் துணிக்கடியில் பூவை வைத்து, கண்ணால் பார்க்காமலேயே தொடுத்துக்கொண்டிருந்தார். மாலூர் வருவதற்குள் இரண்டு முழம் சேர்ந்துவிட்டது. "பெங்களூர்லயே வீடு எடுக்கலாமேம்மா" என்றேன். "வாடகை குடுத்துட்டா கையில இன்னாண்ணா நிக்கும்? அம்மா இங்க கீறாங்க, வீடு இங்க கீது" என்றார். தமிழில் தொடங்கிய பேச்சு, பக்கத்தில் இருந்தவருடன் கன்னடத்தில் தொடர்ந்தது.

தங்கவயலைச் செத்துப்போன ஊர் என்று எழுதுபவர்கள் மூடிய ஷாஃப்டுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது என் எண்ணம். ஊரைவிட்டுக் குடிபெயர்ந்துவிடாமல் இருப்பதற்காகத்தான் இந்த மக்கள் தினமும் ஊரைவிட்டுப் போகிறார்கள். நாளில் ஐந்து மணி நேரத்தைத் தண்டவாளத்தில் செலவழித்துக் காத்துவரும் ஊர் இது. அந்த ரயிலில் இன்னும் சில பெட்டிகளைச் சேர்ப்பது பெரிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் அதே வழியே திரும்பினேன். வைட்ஃபீல்டில் ஏறியவர்கள் நின்றபடியே கண்ணயர்ந்தார்கள். பங்காரப்பேட்டையை விட்டு வண்டி கிளை வழியில் திரும்பியதும், வெளியே இருட்டில் ஒன்றும் தெரியாதபோதும், யாரும் எழுப்பாமலேயே ஒவ்வொருவராக விழித்து, மேலே வைத்த பைகளை எடுக்கத் தொடங்கினார்கள்.