ரத்தம் பொருந்தியது, இனிஷியல் பொருந்தவில்லை

என் மனைவிக்கு பி குரூப், எனக்கு ஏ. கிட்னி கொடுக்க நான் தயாராக இருந்தும் அது அவளுக்கு உதவாது. அவளுடைய அண்ணனுக்குச் சர்க்கரை. குரூப் மாறியிருந்தாலும் முன்கூட்டியே மருந்தும் பிளாஸ்மா மாற்றமும் கொடுத்துச் செய்யலாம் என்றார்கள். கூடுதல் செலவைக் கேட்டதும் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். வாரம் மூன்று டயாலிசிஸ், தடவைக்கு நாலு மணி நேரம், நாளைக்கு எண்ணி மூன்று டம்ளர் தண்ணீர். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

அப்புறம் ஒருநாள் ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பையன், ஏ குரூப். கொடுக்க முன்வந்த அவன் அம்மாவுக்கு பி. என்னுடையது பையனுக்கு, அந்த அம்மாவுடையது என் மனைவிக்கு. இதுதான் ஸ்வாப். 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இதற்கு வழி இல்லை, 2011 திருத்தத்தில்தான் வந்தது. இரண்டு பக்கமும் கொடுப்பவர் தங்கள் நோயாளிக்கு நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். மச்சினி, சித்தப்பா எல்லாம் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அங்கீகாரக் குழுவின் அனுமதியும் கட்டாயம்.

டெஸ்டுகளில் 24 மணி நேரச் சிறுநீர் ஒன்றில்தான் கோட்டை விட்டேன். முதல் நாள் காலை முதல் தடவை போவதைக் கேனில் பிடிக்கக்கூடாது, அப்போதிலிருந்து நேரத்தைக் கணக்கு வைத்து மறுநாள் காலை முதல் தடவை வரை பிடிக்க வேண்டும். நான் இரண்டு நாள் காலையிலும் முதலில் போனதைச் சேர்த்துப் பிடித்து, கேனை மஞ்சப்பையில் மறைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். லேபில் விவரம் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஆன்டிபாடி இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் கிராஸ்மேட்ச்தான், அதாவது வாங்குபவரின் ரத்தம் கொடுப்பவரின் செல்களைத் தாக்குகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்தான், பயமாக இருந்தது. இரண்டு ஜோடிக்கும் நெகட்டிவ், அதாவது தாக்கவில்லை, என்று வந்த அன்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

எங்களுக்குக் கல்யாணம் 1999இல், கோயிலில். பதிவு செய்யவில்லை. ஆதாரில் அவளுக்கு அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் என் இனிஷியல். மகளின் பிறப்புச் சான்றில் 'லட்சுமி' என்பது 'லக்ஷ்மி' ஆகியிருக்கிறது. இத்தனை வருடம் யாரும் கேட்டதில்லை. குழு கூடும் நாளில் ராத்திரி பஸ் பிடித்து சென்னை போய் உட்கார்ந்தோம், அவர்களும் வந்திருந்தார்கள். ஃபைலைப் புரட்டிய குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இந்த மூணு பேர்ல உங்க வொய்ஃப் யாரு சார்?" என்றார். கல்யாணச் சான்றும் இல்லாததால் உள்ளேயே விடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னார்.

ஸ்வாப்பில் இதுதான் சிக்கல். என் பேப்பரில் குறை என்றால் நிற்பது நான் மட்டும் இல்லை. அந்தப் பையனின் ஃபைலில் ஒரு குறையும் கிடையாது, இருந்தும் அவனும் திரும்பிப் போனான். நான் மன்னிப்புக் கேட்டதற்கு அந்த அம்மா, "போகுது விடுங்க தம்பி, முதல்ல பாப்பாவுக்கு இட்லி வாங்கிக் குடுங்க, டயாலிசிஸ் உடம்பு" என்றார். எனக்குத்தான் இட்லி இறங்கவில்லை.

ஊருக்கு வந்து, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆள்தான் என்று சொல்லும் 'ஒன் அண்ட் சேம்' சான்றுக்கு அலைந்தால், ஜமாபந்தி என்று வி.ஏ.ஓ. பத்து நாள் கண்ணில் படவில்லை. கல்யாணப் பதிவுக்குப் பத்திரிகை கேட்டார்கள். மாமியார் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டிக்கு அடியில், மஞ்சள் தடவிய மூலை கரையான் அரித்து ஒன்றே ஒன்று கிடைத்தது. நல்லவேளை, தேதியைக் கரையான் தொடவில்லை. நீங்கள் இப்போதுதான் டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால், கொடுப்பவர் யார் என்று முடிவாவதற்கு முன்பே வீட்டில் எல்லோருடைய ஆதாரையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய குடும்பப் போட்டோக்களையும் எடுத்து வையுங்கள், குழுவில் அதுவும் பேசும்.

இரண்டாம் தடவை உள்ளே போனோம். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யாராவது பணம் தருவதாகச் சொன்னார்களா, ஒரு கிட்னியோடு வாழ்வது பற்றி என்ன தெரியும் என்று என்னிடம் கேட்டார்கள். அந்த அம்மாவைத் தனியாக அழைத்து ரொம்ப நேரம் விசாரித்தார்கள். பெண்கள் கொடுக்கும்போது வற்புறுத்தல் இருக்கிறதா என்று கூடுதலாகப் பார்ப்பார்களாம், சரிதான். வெளியே வந்தவர், "என் புள்ளைக்குக் குடுக்க என்னை யாரு மிரட்டணும்னு கேட்டேன்" என்றார்.

அனுமதி வந்தது. நாள் கடந்துவிட்டதால் கிராஸ்மேட்ச் மறுபடியும். யாரும் நடுவில் பின்வாங்கிவிடக்கூடாது என்பதற்காக நாலு ஆபரேஷனும் ஒரே காலையில் நடந்தது. எனக்கு வலி நாலு நாள், மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது அவளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி உத்தரவு. பழைய பழக்கத்தில் டம்ளரை எண்ணுகிறாள். காலை எட்டு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து போன் வரும், "மாத்திரை போட்டாச்சா?" என்று. ரேஷன் கார்டில் மட்டும் இனிஷியல் இன்னும் மாறவில்லை. மனு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது.