சோலார் பேட்டரி வீட்டில் கார் சார்ஜர்: முதலில் சிடி எங்கே என்று பாருங்கள்

5 கிலோவாட் சோலார், சோலார், பேட்டரி, மின்வாரிய லைன் மூன்றையும் சேர்த்து ஓட்டும் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வர்ட்டர், 10 யூனிட் கரண்ட் தேக்கும் லித்தியம் பேட்டரி உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். இதில் 7.4 கிலோவாட் கார் சார்ஜர் சேர வேண்டும். எத்தனை ஆம்ப், எத்தனை மீட்டர் வயர் என்பதெல்லாம் அப்புறம். இன்வர்ட்டரின் சிடி எங்கே மாட்டியிருக்கிறது, சார்ஜர் அதற்கு எந்தப் பக்கம் வரப்போகிறது? முதலில் இதைத் தீர்மானியுங்கள்.

மீட்டரிலிருந்து வரும் ஃபேஸ் வயரைக் கவ்வி, அதில் ஓடும் கரண்டை அளந்து சொல்லும் சின்ன வளையம்தான் சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்). அதற்கு வீட்டுப் பக்கம் எந்த லோடு ஓடினாலும், வெளியிலிருந்து கரண்ட் வராதபடி இன்வர்ட்டர் பேட்டரியைத் திறந்துவிடும். சார்ஜரும் அந்தப் பக்கமே இருந்தால், ராத்திரி காரைச் செருகியதும் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலி. பிறகு கரண்ட் போனால் ஃபேன்கூட ஓடாது. நஷ்டமும் உண்டு. வீட்டு பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது ஒரு இழப்பு, காரின் உள்ளே இருக்கும் சார்ஜரில் இன்னொன்று. பேனலில் கிளம்பும் 10 யூனிட்டில் கார் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 8 அளவுக்குத்தான்.

ஆகவே சார்ஜருக்கான லைனை மீட்டருக்கும் இன்வர்ட்டர் சிடிக்கும் நடுவில் தனியாகப் பிரித்தெடுங்கள். பேக்கப் டிபியில், அதாவது கரண்ட் போனாலும் இன்வர்ட்டர் ஓட்டும் போர்டில், கொடுக்கவே கூடாது. 5 கிலோவாட் இன்வர்ட்டர் 7.4 கிலோவாட்டைத் தாங்காமல் டிரிப் ஆகும்.

உபரி சோலாரில் மட்டும் ஏற்றும் வசதியுள்ள சார்ஜருக்கு அதற்கென்று ஒரு சிடி உண்டு. அது மீட்டரை ஒட்டி, சார்ஜர் லைன் பிரியும் இடத்துக்கும் முன்னால் இருக்க வேண்டும். அதிகம் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். சார்ஜர் லைன் இன்வர்ட்டர் சிடிக்கு உள்ளே, அதாவது வீட்டுப் பக்கம், இருந்தால் இரண்டு கருவிகளும் ஒரே எண்ணைத் துரத்தும். கார் உபரியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்ததும் இன்வர்ட்டர் பேட்டரியிலிருந்து ஈடுகட்டும். மீட்டர் பக்கம் பூஜ்யமாகவே தெரிவதால் சார்ஜரும் குறைக்காது. மேகம் மூடிய மதியத்தில் பேட்டரி சத்தமில்லாமல் வடிந்துபோவது இப்படித்தான். லைனை மாற்ற வழியில்லை என்றால், 200 வாட் எப்போதும் வெளியே போகும்படி சார்ஜரில் மார்ஜின் வையுங்கள். கார் ஏறும் நேரத்துக்கு இன்வர்ட்டரில் பேட்டரி டிஸ்சார்ஜையும் தடுத்து வைக்கலாம்.

வெளியே அனுப்பும் யூனிட்டைக் கணக்கிடும் நெட் மீட்டர் இல்லாமல், எதையும் வெளியே விடாத ஜீரோ எக்ஸ்போர்ட்டில் ஓடும் வீடுகளில் இந்த உபரிக் கணக்கே வேலை செய்யாது. வெளியே போக வழியில்லாததால் இன்வர்ட்டர் பேனலையே அடக்கிவிடும், சார்ஜருக்கு உபரி என்று ஒன்று தெரியவே தெரியாது. அங்கே மட்டும் சார்ஜர் இன்வர்ட்டர் சிடிக்கு உள்ளே வர வேண்டும். பகல் 11 முதல் 3 வரை 8 அல்லது 10 ஆம்பில் டைமர் போட்டு, அந்த நேரத்தில் டிஸ்சார்ஜை நிறுத்தி வைத்தால் போதும். நெட் மீட்டர் இருந்து, கார் பகலில் ஆபீஸில் நிற்கிறது என்றால் ராத்திரி மின்வாரிய லைனிலிருந்தே ஏற்றுங்கள். பகலில் வெளியே அனுப்பிய யூனிட் பில்லில் கழிந்துவிடும், பேட்டரியைத் தொடத் தேவையில்லை.

த்ரீ ஃபேஸ் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இன்வர்ட்டர் ஆர் ஃபேஸில் இருந்தால் சார்ஜரும் அதன் சிடியும் ஆர் ஃபேஸிலேயே வர வேண்டும். பி ஃபேஸில் போட்டால் உங்கள் சோலார் காருக்கு எட்டாது.

எந்த சார்ஜரும் 6 ஆம்புக்குக் கீழே இறங்காது. அதாவது சுமார் 1.4 கிலோவாட். ஆகவே உபரி 1.6 கிலோவாட்டைத் தாண்டி ஐந்து நிமிடம் நின்றால் தொடங்கும்படியும், குறைந்தபின் பத்து நிமிடம் கழித்து நிற்கும்படியும் வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேகத்துக்கும் சார்ஜருக்குள் இருக்கும் கான்டாக்டர் சுவிட்ச் அடித்துக்கொண்டே இருக்கும்.

7.4 கிலோவாட் சார்ஜர் இழுக்கும் 32 ஆம்புக்கு 40 ஆம்ப் சி கர்வ் எம்சிபி. 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயரில் 20 மீட்டருக்குச் சுமார் நாலரை வோல்ட் இறங்கும். 40 மீட்டர் என்றால் 10 ஸ்கொயருக்குப் போய்விடுங்கள். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப், டைப் ஏ. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்ப் டிசி லீக்கேஜ் பாதுகாப்பு இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள், இல்லையென்றால் டைப் பி கட்டாயம். சாதாரண டைப் ஏசி ஆர்சிசிபி வேண்டாம். டிசி கசிந்தால் அது டிரிப் ஆகாமலே போகலாம். டெர்மினல் ஸ்க்ரூவைக் கையளவில் இறுக்கிவிட்டுப் போகாமல் வயர் முனையில் லக் போட்டு, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் இறுக்கச் சொல்லுங்கள். கீசர் அரைமணி ஓடி நிற்கும்; கார் பல மணி நேரம் 32 ஆம்ப் இழுக்கும். லூஸாக இருக்கும் முனை அதில் கருகும். மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

கரண்ட் போன நேரத்திலும் அவசரத்துக்கு ஏற்ற வேண்டுமா? பேக்கப் பக்கம் ஒரு 16 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதில் 6 ஆம்புக்குக் குறைத்து வைத்த போர்ட்டபிள் சார்ஜர் போதும். அப்போது "எர்த் ஃபால்ட்" காட்டினால், இன்வர்ட்டர் தனித்து ஓடுகையில் நியூட்ரலும் எர்த்தும் இணையாமல் இருப்பது காரணமாக இருக்கலாம். இன்வர்ட்டரில் அதற்கான ரிலே இருந்தால் அதை இயக்குங்கள். டிபியில் கையால் ஜம்பர் போடுவது ஆபத்து. மின்வாரிய கரண்ட் திரும்பியதும் நியூட்ரல் கரண்ட் எர்த் வயரிலும் ஓடத் தொடங்கும்.

ஜீரோ எக்ஸ்போர்ட் வீடு தவிர மற்ற வீடுகளில், வேலை முடிந்ததும் இருட்டிய பிறகு காரை 6 ஆம்பில் செருகி இன்வர்ட்டர் ஆப்பைத் திறங்கள். பேட்டரி டிஸ்சார்ஜ் வீட்டு லோடு அளவிலேயே நிற்க வேண்டும். அது 1.4 கிலோவாட் கூடியிருந்தால் சார்ஜர் லைன் சிடிக்கு உள்ளே போயிருக்கிறது. எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்குள் மாற்றச் சொல்லுங்கள்.