இடது காது

ஜூலை 4, மாட்டுங்கா
ஸ்கூபா டைவிங் வகுப்பு. நீச்சல் குளத்தில் மூன்று மீட்டர் இறங்கியதும் இடது காதில் சுருக்கென்று வலி. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினேன். வலது காது 'டப்' என்று திறந்தது. இடது அசையவில்லை. இன்ஸ்ட்ரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார். சபாஷ் இல்லை, மேலே போ.

ஜூலை 5
மழை. ரயில் இல்லை. லீவு.

ஜூலை 8
பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரு மடங்கு, காதுக்குள் இருக்கும் காற்று பாதி. வெளியே இருப்பதற்கு ஈடாக உள்ளே காற்று போகாவிட்டால் செவிப்பறை உள்வாங்கும். நான் பார்க்க ஆசைப்படும், பாலியில் முழுகின கப்பல் சுமார் 5 மீட்டரில் தொடங்கி 30 மீட்டர்வரை சரிந்து கிடக்கிறது. எனக்கு அனுமதி 18 வரை. காது தருவது மூன்று.

அம்மா மார்க்கெட்டிலிருந்து நொச்சி வாங்கி வந்து ஆவி பிடிக்க வைத்தாள். "முழுகின கப்பல்ல உனக்கு என்னடி வச்சிருக்கு?" போர்வைக்குள் இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

ஜூலை 11
காது டாக்டர். காதில் கோளாறு இல்லையாம், மூக்கு அலர்ஜி. ஸ்ப்ரே அடித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். டைவிங் போகலாம் என்ற ஃபாரத்தில் கையெழுத்துப் போடவில்லை.

ஜூலை 13
"அடுத்த வருஷம் போயேன், கப்பல் எங்கேயும் ஓடிப்போயிடாது" என்றார் இவர்.

ஓடிப்போன கப்பல்தான் அது! ரப்பரும் ரயில் சாமானும் ஏற்றிவந்த அமெரிக்க ராணுவச் சரக்குக் கப்பல், 'லிபர்ட்டி'. 1942 ஜனவரி 11, லொம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்டது. இரண்டு போர்க்கப்பல்கள் இழுத்தும் துறைமுகம் சேரவில்லை, பாலியில் துலம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். 1963-ல் அகுங் எரிமலை குமுறியபோது கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போய்விட்டது.

இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். "சரி, சாப்பிடலாமா" என்றார்.

ஜூலை 14
ஸ்ப்ரே தொண்டையில் இறங்கிக் கசக்கிறது. காபியும் கசப்பு.

ஜூலை 25
கையெழுத்து! சளி பிடித்தால் இறங்கக் கூடாது என்றார். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டும் கூடாது: தண்ணீருக்கடியில் மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும்.

ஆகஸ்ட் 6, துலம்பென்
கரையெல்லாம் கறுப்புக் கூழாங்கல், நடந்தால் கணுக்கால் பிசகுகிறது. உள்ளூர்ப் பெண்கள் சிலிண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு செருப்போடு சர்வ சாதாரணமாக நடக்கிறார்கள். எனக்கு இடுப்பில் கட்டும் ஈய பெல்ட்டே பாரம்.

நாலு மீட்டரில் இடது காது முரண்டு பிடித்தது. ஒரு முழம் மேலே வந்து, தலையை வலப்பக்கம் சாய்த்து, விழுங்கிக்கொண்டே ஊதினேன். கீச்சென்று ஒரு சத்தம், திறந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கீழே பார்த்தேன். கறுப்பு மணலில் விலாங்குகள் பாதி உடம்பை நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் சுவர்போல ஏதோ. பாறை என்று நினைத்தேன். டார்ச் அடித்ததும் சாம்பலாக இருந்த பவளம் குங்குமச் சிவப்பானது, ஊடே இரும்பு விட்டங்கள். எது கப்பல், எது கடலில் முளைத்தது என்று பிரிக்க முடியவில்லை. அழுகை வந்தது. மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க வழியில்லை.

ஆகஸ்ட் 7
அம்மா ஃபோன். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காது?"

ஆகஸ்ட் 8
நாளை மறுநாள் விமானம். அதற்கு முன் 18 மணி நேரமாவது தண்ணீரில் இறங்காமல் இருக்க வேண்டும், அதனால் நாளை விடியலில் இறங்குவதே கடைசி. அந்த நேரத்தில் முட்டுத்தலைக் கிளிமீன்கள் கூட்டமாக வருமாம். அலாரம் வைத்தாயிற்று. மூக்கு லேசாக ஒழுகுகிறது. ஏசியாக இருக்கும்.